உடலுக்கு ஏற்ற உணவு: ஒரு பானையும் நான்கு தட்டுகளும்



தலைநகர் தில்லியில், ஜங்புரா பகுதியில், பாராபுல்லா வாய்க்காலின் கரையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகத் தமிழர் குடியிருப்பு ஒன்று இருந்து வந்தது. மதராசி கேம்ப் என்பது அதன் பெயர். தென்னாட்டிலிருந்து வந்தவர் எவராயினும் அவரை ‘மதராசி’ என்று அழைப்பது வடநாட்டு வழக்கம். அவ்வழக்கே அக்குடியிருப்புக்குப் பெயராயிற்று. பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தோர் அங்கு வாழ்ந்தனர். பெண்களுள் பலர் சுற்றுவட்டாரத்து இல்லங்களில் சமையல், துப்புரவு முதலிய வேலைகளைச் செய்தனர். ஆண்களுள் பலர் அன்றாடக் கூலிக்கு உழைத்தனர். உயர்நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி, 2025 ஜூன் முதல் நாள் அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 வீடுகளுள் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களே மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி பெற்றன. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடமோ சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நரேலா.

ஒரு குடும்பம் இடம் பெயரும்போது பாத்திரம் பண்டங்களோடு அதன் உணவுப் பழக்கமும் உடன் செல்கிறது. அரிசியை உண்டு வளர்ந்தவர்கள் கோதுமை விளையும் நாட்டில் எதை உண்பது, எவ்வளவு உண்பது என்ற வினா மதராசி கேம்பிலும் இருந்தது, நரேலாவிலும் இருக்கிறது, ஊர் திரும்பிய குடும்பங்களிலும் இருக்கிறது. சொற்ப வருவாயும் ஒற்றை அடுப்பும் உடைய ஒரு குடும்பம், தன்னில் உள்ள ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ற சமச்சீர் உணவை எவ்வாறு அமைத்துக் கொள்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

குன்னூரில் ஓர் ஆராய்ச்சி

‘மதராசி’ என்னும் சொல் உணவு ஆராய்ச்சியின் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918-ஆம் ஆண்டில் சர் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவ அறிஞர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வறையே பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை மக்காரிசன் தனித்தனியே எலிக் கூட்டங்களுக்கு அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் எடையிலும் நலத்திலும் முதலிடம் பெற்றன. பட்டாணியர், மராட்டியர் உணவுகள் அடுத்தடுத்து வந்தன. கடைசி இடம் அவர் ‘மதராசி உணவு’ என்று குறித்த உணவுக்கே கிடைத்தது. 1936-இல் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் அவர் இம்முடிவுகளை விளக்கினார்.

இதைக் கேட்போர் பலர், ‘கோதுமை உயர்ந்தது, அரிசி தாழ்ந்தது’ என்ற முடிவுக்கு உடனே வந்துவிடுகின்றனர். ஆனால் அவ்விரு உணவுகளின் உள்ளடக்கத்தை நோக்குமிடத்து வேறொரு செய்தி புலப்படும். சீக்கியர் உணவில் முழுக்கோதுமைச் சப்பாத்தியோடு பாலும், வெண்ணெயும், பருப்பும், பசுங்காய்கறிகளும், எப்போதேனும் இறைச்சியும் இருந்தன. மதராசி உணவிலோ பெரும்பகுதி தீட்டிக் கழுவிய அரிசி. தீட்டும்போதும் கழுவும்போதும் அதன் உயிர்ச்சத்துகளில் பெரும்பங்கு போய்விடுகிறது. பாலின் அளவு மிகக் குறைவு. பருப்பும் காய்கறியும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவினவே. ஆகவே எலிகளின் வளர்ச்சி குன்றியதற்கு அரிசி என்ற தானியத்தை மட்டும் காரணமாகச் சொல்வதற்கில்லை. அரிசி தட்டு முழுவதையும் நிரப்பி, பிற உணவுகளுக்கு இடமில்லாமற் செய்ததே முதன்மையான காரணம் எனலாம்.

சோறா, சப்பாத்தியா?

தில்லியில் வாழும் தமிழரிடையே இன்றும் இவ்வாதம் ஓய்ந்தபாடில்லை. நீரிழிவு நோய் இருப்பதாக மருத்துவர் கூறியதும், இரவில் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறிவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். இரண்டு சப்பாத்தி என்று தொடங்கி, பசி அடங்காமையால் அது ஐந்தாகவும் ஆறாகவும் வளர்கிறது. உடன் வருவது பெரும்பாலும் உருளைக்கிழங்கு. அதுவும் மாவுச்சத்தே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு தழுவிய அளவில் நடத்திய ஆய்வு இக்கருத்தைத் தெளிவுபடுத்துகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோராய் இருப்பதை அவ்வாய்வு 2023-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினரும், தில்லியில் 17.8 சதவீதத்தினரும் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். தில்லி பெரிதும் நகர்ப்புறம் என்பதால் இவ்விரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் கோதுமை உண்பது ஒன்றே நீரிழிவைத் தடுத்துவிடாது என்பதை இவ்வெண்கள் உணர்த்தவே செய்கின்றன.

அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர் தம் ஆற்றலில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே பெறுகின்றனர் என்றும், மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமையையோ சிறுதானியத்தையோ உண்பதால் மட்டும் நோய் வாய்ப்புக் குறைவதாகத் தெரியவில்லை என்றும் அது கூறுகிறது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் பருப்பு, பால் முதலியவற்றின் புரதத்தைச் சேர்த்தோர்க்கே அந்த வாய்ப்புக் குறைவாக இருந்தது. குன்னூரில் எலிகளைக் கொண்டு அறியப்பட்டதும், பல்லாண்டுகளுக்குப் பின் மனிதரிடையே அறியப்பட்டதும் இவ்வகையில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. எந்தத் தானியம் என்பதைவிட, எவ்வளவு தானியம், அதனோடு வேறு என்னென்ன என்பனவே முதன்மையான வினாக்கள்.

தட்டின் அளவு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் திருத்தி வெளியிட்ட உணவு நெறிமுறைகள், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு மாதிரித் தட்டு ஒன்றை வகுத்துள்ளன. சமைக்கும் முன் உள்ள நிறைப்படி அதில் தானியம் 250 கிராம். பருப்பு அல்லது அதற்கு ஈடான முட்டை, மீன், இறைச்சி 85 கிராம். கீரை உட்படக் காய்கறி 400 கிராம். பழம் 100 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர். வேர்க்கடலை முதலிய கொட்டைகளும் விதைகளும் 35 கிராம். எண்ணெய் 27 கிராம். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது.

இவ்வளவை ஏழைக் குடும்பத்தின் பையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு மாதந்தோறும் 5 கிலோ தானியம் கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் அது விலையின்றி வழங்கப்படுகிறது. நாட்கணக்கில் வகுத்தால் அது சுமார் 165 கிராம். அதாவது மாதிரித் தட்டின் தானியத்தில் மூன்றில் இரு பங்கு. ஆகத் தானியத் தேவையின் பெரும்பகுதி நியாயவிலைக் கடையிலேயே நிறைவேறி விடுகிறது. பருப்போ ஒருவருக்கு மாதம் இரண்டரைக் கிலோ தேவை. நால்வர் உள்ள குடும்பத்துக்குக் காய்கறி நாளொன்றுக்கு 1,600 கிராம் தேவை. இவற்றைக் குடும்பம் தன் கையிருப்பைக் கொண்டே வாங்க வேண்டியுள்ளது. எளிதில் கிடைப்பது தட்டை நிரப்புகிறது. விலை கொடுத்து வாங்க வேண்டியது குறைகிறது. வறியோர் தட்டில் சோறு மலையாகவும் குழம்பு நீராகவும் இருப்பதன் காரணம் இதுவே. இதை அறியாமை என்று பழித்தல் நேர்மையாகாது.

எனினும் கையிலுள்ள பணத்துக்குள்ளேயே செய்யத்தக்கவை சில உண்டு. கறிக்கடலை, வறுத்த கடலை, பாசிப்பயறு, மைசூர்ப் பருப்பு, வேர்க்கடலை ஆகியவை தில்லியின் எந்தத் தெருக்கடையிலும் கிடைப்பவை. ஒரு கிலோ அரிசியிலுள்ளதைவிட ஒரு கிலோ பருப்பில் ஏறத்தாழ மூன்று மடங்கு புரதம் உண்டு. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள கூறு பருப்பில் மிகுந்தும், பருப்பில் குறைவாக உள்ளது தானியத்தில் போதிய அளவிலும் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே முழுமை பெறுகின்றன. சோறும் சாம்பாரும், இட்லியும் உளுந்தும், பொங்கலும் பாசிப்பருப்பும் என்று முன்னோர் கூட்டிவைத்த இணைகளில் இவ்வறிவு பொதிந்துள்ளது. குறைபாடு இணையில் இல்லை, அளவில் உள்ளது. இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதை மூன்றுக்கு ஒன்றாக்கலாம். வாரத்தில் இரு நாள் தோசைக்கு மாற்றாக அரிசியும் பருப்பும் சரிபாதி சேர்த்து அடை வார்க்கலாம். மாலை வேளையில் வடைக்கும் பிஸ்கோத்துக்கும் செலவிடும் காசில் சுண்டல் செய்யலாம்.

உடலுக்கு உடல் வேறுபாடு

மேலே கூறிய தட்டு ஒரு பொது அளவே. அது எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. உண்டது செரித்ததை அறிந்த பின் அளவோடு உண்ண வேண்டும் என்றும், உடலோடு மாறுபடாத உணவையே கொள்ள வேண்டும் என்றும் திருக்குறளின் மருந்து அதிகாரம் வலியுறுத்துகிறது. அங்கு அளவு என்பது அவரவர் உடலின் அளவே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-இல் வகுத்த அளவுகள் இவ்வேறுபாட்டை எண்களால் காட்டுகின்றன. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும். மிதமாக உழைப்பவருக்கு 2,130. கடினமாக உழைப்பவருக்கு 2,720. ஆண்களுக்கு இவ்வளவுகள் முறையே 2,110, 2,710, 3,470. ஒரே வயதும் ஒரே எடையும் உடைய இரு பெண்களுள், நாற்காலியில் அமர்ந்திருப்பவரைக் காட்டிலும் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவருக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் கூடுதலாக வேண்டும். எனவே உட்கார்ந்து பணியாற்றும் வீட்டுக்காரர் உடல் மெலியச் சோற்றைக் குறைத்தால், அதைப் பார்த்து அவ்வீட்டில் வேலை செய்யும் பெண்ணும் சோற்றைக் குறைப்பது பொருந்தாத செயலாகும். ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குப் பட்டினியாகக்கூடும்.

இரும்புச்சத்தில் இவ்வேறுபாடு தலைகீழாக உள்ளது. ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் போதும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு 29 மில்லிகிராம் தேவை. உணவின் அளவில் ஆணுக்கு மிகுதி வேண்டியிருக்கலாம். உணவின் தரத்தில் பெண்ணுக்கே மிகுதி வேண்டும். ஆயினும் பல இல்லங்களில் கீரையும் முட்டையும் முதலில் ஆண்களின் தட்டுக்குச் செல்கின்றன. பெண் கடைசியில் அமர்ந்து, எஞ்சிய சோற்றில் மோர் ஊற்றி உண்டு எழுகிறாள். 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

ஒரே பானை, நான்கு தட்டுகள்

ஏழைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சமைத்தல் இயலாது; அதற்கு நேரமும் இல்லை, எரிவாயுவும் இல்லை. பத்திய உணவு என்றாலே தனிச் சமையல் என்ற எண்ணம் நிலவுவதால், பலர் அதை வசதி படைத்தோர்க்கு உரியதென்று கைவிட்டு விடுகின்றனர். உண்மையில் சமைப்பது ஒன்றாகவே இருக்கலாம். பரிமாறும்போது வேறுபாட்டைச் செய்துகொள்ள முடியும்.

எடுத்துக்காட்டாக, மதராசி கேம்பில் வாழ்ந்தவை போன்ற ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தை கட்டட வேலையில் சுமை தூக்குபவர். தாய் நான்கு வீடுகளில் வேலை செய்பவர், இரத்தசோகை உடையவர். பாட்டி வீட்டிலேயே இருப்பவர்; நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். மகள் பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. அன்று அடுப்பில் இருப்பவை சோறு, கெட்டியான பருப்புக் குழம்பு, கீரைக் கூட்டு, முள்ளங்கிப் பொரியல், தயிர். இந்த ஐந்தினாலேயே நான்கு உடல்களுக்கும் ஏற்ற தட்டுகளை அமைக்கலாம்.

தந்தையின் உழைப்புக்குச் சோறு மிகுதியாக வேண்டும். அதற்கேற்பப் பருப்பும் மிகுதியாக வேண்டும். அவருடைய சோற்றைக் குறைப்பதற்குக் காரணமில்லை. தாய்க்கு மிதமான அளவு சோறும், கீரைக் கூட்டில் முதற்பங்கும், அதன்மேல் எலுமிச்சைச் சாறும், இயன்ற நாளில் ஒரு முட்டையும் வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள ‘சி’ உயிர்ச்சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது.

பாட்டிக்குச் சோறு ஒரு சிறு கிண்ணம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும். பருப்பும் தயிரும் குறையாத அளவு. முதியோர் என்பதால் கஞ்சி மட்டும் தருவது பல இல்லங்களின் வழக்கம். குழைந்த அரிசிக் கஞ்சி விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை வேகமாக உயர்த்துகிறது. புரதமோ அதில் மிகக் குறைவு. உழைப்புக் குறைந்தாலும் புரதத் தேவை முதியவருக்குக் குறைவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 0.83 கிராம் என்பது வயது வந்தோர் அனைவருக்குமான பொது அளவு. ஆனால் மாத்திரை உண்பவர் தாமாகவே உணவை நிறுத்துவதோ திடீரென மிகவும் குறைப்பதோ சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு உடையவர் புரதத்தை மிகுதிப்படுத்தும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

மகள் வளர்கின்ற பருவத்தினள். அவளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,400 கலோரி தேவை. வீட்டிலிருக்கும் பாட்டியின் தேவையைவிட இது மிகவும் கூடுதல். பருமனாகிவிடுவோம் என்று அஞ்சிக் காலை உணவைத் தவிர்க்கும் பழக்கம் அவ்வயதில் பரவி வருகிறது. அவளுக்குத் தாயைப் போலக் கீரையும், தந்தையைப் போலப் பருப்பும், எல்லோரிலும் மிகுதியாகப் பாலும் தயிரும் சேர வேண்டும்.

இதற்குக் கூடுதல் செலவு மிகுதியில்லை. பாட்டியின் தட்டில் குறையும் சோறு தந்தையின் தட்டுக்குச் செல்கிறது. தாயின் பங்குக் கீரை வேறெங்கும் போகாமல் அவளையே சேர்கிறது. வேண்டுவது ஒன்றே: பரிமாறும் முன், யாருடைய உடலுக்கு எது தேவை என்று ஒரு கணம் எண்ணுதல், அவ்வெண்ணத்தில் பரிமாறுபவள் தன்னையும் சேர்த்துக் கொள்ளுதல்.

வேலை நேரமும் தேநீரும்

உணவின் சமநிலை பொருளால் மட்டுமன்றிக் காலத்தாலும் குலைகிறது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண், மற்றவர் வீட்டுக் காலை உணவு ஆயத்தமாகும் நேரத்தில் அங்கு இருந்தாக வேண்டும். அதனால் அவளுடைய காலை உணவு பெரும்பாலும் ஒரு குவளைத் தேநீரும் இரண்டு ரஸ்க்குமே. வேலை செய்யும் வீடுதோறும் ஒரு தேநீர் என்றால் நாளொன்றுக்கு நான்கைந்து குவளை ஆகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை எனக் கொண்டால் அதுவே 40, 50 கிராமாகி விடுகிறது. நெறிமுறைகள் நாள் முழுவதற்கும் சேர்த்துக் கூறும் சர்க்கரையின் எல்லை 25 கிராம். மேலும் உணவோடு பருகும் தேநீர், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரையும் காப்பியையும் தவிர்த்தல் நலம் என்று நெறிமுறைகள் கூறுவது இதனாலேயே.

குடியிருப்பு வேலையிடத்துக்கு அருகில் இருந்தவரை, இடைவேளையில் வீட்டுக்கு வந்து ஒரு கவளம் உண்டு செல்லுதல் இயன்றது. நரேலாவிலிருந்து ஜங்புரா வட்டாரத்துக்கு வேலைக்கு வருவோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. போக்குவரவிலேயே பல மணி நேரம் கழிகிறது. குடியிருப்பின் தொலைவு ஒருவர் உண்ணும் உணவைப் பாதிக்கிறது என்பதை நகரத் திட்டங்களை வகுப்போர் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

இந்நிலையில் இருப்போர்க்கு எடுத்துச் செல்லத்தக்க உணவே துணை. முந்தின இரவு ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை, தடிப்பான அடை இரண்டு, ஒரு பிடி வேர்க்கடலையும் வறுத்த கடலையும், பருவத்துக்கேற்ற ஒரு கொய்யா — இவற்றுள் எதற்கும் வழியில் அடுப்புத் தேவையில்லை. கொண்டைக்கடலையை ஊறவைப்பதால் வேகும் நேரம் குறைந்து எரிபொருளும் மிச்சமாகிறது.

தில்லிச் சந்தையில் தென்னாட்டு உணவு

ஊரில் கிடைத்தவை தில்லியில் கிடைப்பதில்லை என்ற குறை அடிக்கடி கேட்கப்படுகிறது. பெயர் மாறியதால் அறியப்படாமற் போனவை பல. ‘பாஜ்ரா’ என்று தில்லிக் கடைகளில் விற்கப்படுவது தமிழகத்துக் கம்பே. அரியானாவிலும் இராஜஸ்தானத்திலும் கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சி ‘ராப்டி’ என்று பருகுகின்றனர். கம்பங்கூழை அறிந்தவர்க்கு அது அயல் உணவன்று. ‘ஜுவார்’ என்பது சோளம். உத்தராகண்ட் மலைமக்கள் ‘மண்டுவா’ என்று அழைப்பது கேழ்வரகு. அதன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது.

கீரைகளிலும் அவ்வாறே. குளிர்காலத்தில் தில்லிச் சந்தையில் பாலக், வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, ‘பத்துவா’ என்னும் கீரை ஆகியவை குவிகின்றன. இவற்றைப் பருப்போடு சேர்த்துக் கூட்டாகவோ மசியலாகவோ தமிழ் முறையிலேயே சமைக்கலாம். முள்ளங்கியோடு வரும் அதன் கீரையைப் பலர் கடையிலேயே ஒடித்துப் போட்டுவிட்டு வருகின்றனர். அதுவும் பொரியலுக்கு உகந்த சத்துள்ள கீரையே. பருவத்தில் மலிவாக விளைவதை வாங்குவது, அறிவுக்கும் பொருந்தும், பணப்பைக்கும் பொருந்தும். புழுங்கலரிசி கிடைக்குமாயின் அதையே கொள்ளுதல் நன்று. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய உயிர்ச்சத்து அரிசியின் உட்புறம் சென்று தங்குவதால், தீட்டிய பின்னும் அது பச்சரிசியைவிட மிகுதியாக எஞ்சுகிறது.

இவற்றையும் அளவறிந்தே சேர்க்க வேண்டும். சிறுதானியம் நல்லதென்று கேட்டு, சோற்றைக் குறைக்காமல் அதற்கு மேல் கம்பங்களியும் உண்டால் பயன் விளையாது.

தன் உடலைத் தானே அறிதல்

எந்த உணவு தனக்குப் பொருந்துகிறது என்பதை அறிய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு நூற்கயிறு போதும். கயிற்றால் ஒருவரது உயரத்தை அளந்து, அதைச் சரிபாதியாக மடித்து, வயிற்றைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அது சுற்றி வந்து சேர்ந்தால் நன்று. சேராவிடில் வயிற்றில் கொழுப்பு மிகுந்துள்ளது என்பதற்கு அது ஓர் அறிகுறி. இந்தியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்பது மருத்துவர் வகுத்துள்ள எல்லை. கை, கால் மெலிந்திருந்தும் வயிறு பெருத்திருப்போர் இந்நாட்டில் பலர். எடையை மட்டும் பார்த்து அவர்கள் ஏமாறக்கூடும்.

நீரிழிவு உடையோர், உணவு தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்தால், எந்த உணவு, எந்த அளவில் தம் உடலில் எவ்வாறு இயங்குகிறது என்பது தெரியவரும். ஒருவர்க்கு இரண்டு இட்லி பொருந்தலாம். மற்றொருவர்க்கு அதுவே மிகையாகலாம். மாடியேறும்போது மூச்சு வாங்குதல், தலை சுற்றல், ஓயாத களைப்பு ஆகியவற்றை வேலைப் பளு என்று பெண்கள் ஒதுக்கிவிடலாகாது. அரசு மருந்தகத்தில் இரத்தத்தைச் சோதித்து, இரத்தசோகை இருப்பின் இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் கூறும் காலம் முழுவதும் உண்ண வேண்டும். முற்றிய இரத்தசோகை உணவால் மட்டும் தீர்வதன்று.

ஒரு மாற்றத்தைச் செய்து, சில வாரங்கள் பொறுத்து, அதன் விளைவை நோக்கி, அடுத்த மாற்றத்தைச் செய்தலே முறை. பிறர் உண்டு பயன்பெற்றதைக் கேட்டு ஒரே நாளில் அனைத்தையும் மாற்றுவோர், ஒரு திங்களுக்குள் பழைய நிலைக்கே திரும்புவதைக் காண்கிறோம்.

சமுதாயத்தின் கடமை

தனியொருவர் முயற்சிக்கு எல்லை உண்டு. தட்டில் பருப்பு சேர வேண்டுமென்றால் அது கைக்கெட்டும் விலையில் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் நியாயவிலைக் கடைகளில் துவரம்பருப்பும் சமையல் எண்ணெயும் குறைந்த விலையில் வழங்கப்பட்டு வருவது இவ்வகையில் கருதத்தக்கது. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தால், இடம்பெயர்ந்த குடும்பங்கள் தாம் சென்ற மாநிலத்திலேயே தானியத்தைப் பெற முடிகிறது. ஆனால் அதனால் கிடைப்பது மத்தியத் திட்டத்தின் தானியமே. மாநிலம் தன் செலவில் தரும் பருப்பு அதில் சேர்வதில்லை. ஊர் விட்டு ஊர் சென்ற தொழிலாளியின் தட்டில் சோறு தொடர்ந்து வருகிறது. பருப்பு பின்தங்கி விடுகிறது. இவ்விடைவெளியை நிரப்புவது குறித்துத் திட்டமிடுவோர் எண்ண வேண்டும்.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் கருவுற்ற பெண்களுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் உணவளிக்கின்றன. ஒரு குடியிருப்பு அகற்றப்பட்டு மக்கள் புதிய இடத்துக்குச் செல்லும்போது, வீட்டுச் சாவியோடு அங்கன்வாடிப் பதிவும், குடும்ப அட்டை முகவரியும், பள்ளி மதிய உணவும் அதே வாரத்தில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும். கருவிலிருக்கும் குழந்தைக்கும் வளரும் பெண்ணுக்கும் உணவில் ஏற்படும் சில மாத இடைவெளி எளிதில் ஈடுசெய்யத்தக்கதன்று.

குன்னூரில் ‘மதராசி உணவு’ கடைசி இடம் பெற்றதைத் தென்னாட்டாரின் தலைவிதியாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்தத் தட்டில் அரிசி சற்றுக் குறைந்து, பருப்பும் கீரையும் பாலும் சேர்ந்தால் அதன் இடம் மாறிவிடும். அவரவர் உடலறிந்து பரிமாறும் கைகளும், பருப்பையும் பாலையும் எட்டும் விலையில் கொண்டுசேர்க்கும் நிருவாகமும் ஒன்றுசேர்ந்தால், ஒற்றை அடுப்புள்ள வீட்டிலும் அம்மாற்றம் நிகழக்கூடியதே. பரிமாறும் தாயின் தட்டிலிருந்தே அது தொடங்கட்டும்.